பேயும் சந்தேகமும்: டோனி மாரிசனின் ‘பிலவட்’ நாவலை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்துபோன ஒருவரைப் பேச்சின் வழியாக நம் நடுவே உட்காரவைக்கும் காரியம். அதனால், செத்தவள் திரும்பி வருகிற ஒரு நாவலை இந்த மேடையில் பேசலாம் என்று நினைத்தோம். டோனி மாரிசன் 1987இல் வெளியிட்ட ‘பிலவட்’ அது. அன்புக்குரியவள் என்று பொருள். துக்கத்தின் கதையாகவும் பேய்க்கதையாகவும் இதைப் பலர் வாசித்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் ஒருவர்மேல் ஒருவர் கொள்கிற சந்தேகத்தின் கதையாக இன்று இதை வாசிப்போம்.

கதைக்கு அடியில் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து, கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு சின்சினாட்டிக்குத் தப்பி வந்தார். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, பிள்ளைகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் இரண்டு வயது மகளைக் கொன்றார். பிறகு நடந்த வழக்கைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவர்மேல் கொலைக்குற்றம் சுமத்துங்கள் என்று கேட்டவர்கள் அடிமைமுறையை எதிர்த்தவர்கள். கொலை என்று ஒப்புக்கொண்டால் அவர் மனுசி, செத்த பிள்ளையும் மனித உயிர் என்று ஒப்புக்கொண்டதாகும். ஆனால் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அவரை ஓடிப்போன உடைமையாகவே பார்த்தது. உடைமையாகவே திருப்பி அனுப்பியது. 1858இல் அடிமையாகவே அவர் இறந்தார். அந்தப் பிள்ளையின் சாவுக்கு எந்த நீதிமன்றமும் கணக்குக் கேட்கவில்லை.

நீதிமன்றம் விசாரிக்காத அந்த வழக்கை மாரிசனின் நாவலில் வீடு விசாரிக்கிறது. ஆண்டு 1873. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. சின்சினாட்டியில் 124ஆம் எண் வீட்டில் சேதா தன் மகள் டென்வரோடு இருக்கிறாள். செத்த பிள்ளையின் ஆவியும் அங்கேதான் இருக்கிறது. பார்த்தாலே கண்ணாடி நொறுங்குகிறது. கேக்கில் பிஞ்சுக் கை பதிகிறது. மகன்கள் இருவரும் பதின்மூன்று வயதுக்குள் வீட்டைவிட்டு ஓடிவிட்டார்கள்.

பேய்க்குப் பயந்து மட்டும்தான் ஓடினார்களா? ஓடுவதற்கு முன் அந்த அண்ணன்கள் தங்கைக்குச் சூனியக்காரியைக் கொல்லும் கதைகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா மறுபடி கையை ஓங்கினால் என்ன செய்வது என்பதற்கான பாடம் அது. டென்வருக்கு ஒரு கெட்ட கனவு. இரவில் அம்மா தன் தலையை அறுத்து எடுத்து, கீழே கொண்டுபோய் மடியில் வைத்துச் சடை பின்னுகிறாள். அம்மா என்ற சொல்லுக்குள்ளேயே சந்தேகம் போய் உட்கார்ந்துகொண்டதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிறகு பிலவட் என்ற பெயரோடு ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அவளைத் திரும்பி வந்த தன் அக்கா என்றே டென்வர் நம்புகிறாள். அம்மாவிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான் காவல் இருக்கிறாள்.

சந்தேகம் பெற்ற பிள்ளைகளோடு நிற்கவில்லை. சேதாவைத் தேடி வந்து அன்பு செலுத்தும் பால் டி, அந்தப் பழைய பத்திரிகைச் செய்தியைப் பார்த்ததும், அவளை நாலு கால் விலங்கோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு வெளியேறுகிறான். பண்ணையில் ஸ்கூல்டீச்சர் என்று அழைக்கப்பட்ட வெள்ளை எசமான், அவளுடைய மனிதக் குணங்களை ஒரு பக்கமும் விலங்குக் குணங்களை இன்னொரு பக்கமும் எழுதும்படி தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அதே பாகுபாடு இப்போது, அதே பண்ணையில் அடிமையாகக் கிடந்தவன் வாயிலிருந்து வருகிறது. ஊரும் அப்படித்தான். முந்தைய நாள் அந்த வீட்டில் தொண்ணூறு பேர் விருந்து சாப்பிட்டார்கள். இவர்களுக்கு மட்டும் இவ்வளவு எப்படி வந்தது என்ற பொறாமையில், எசமானின் ஆட்கள் குதிரையில் வருவதை ஓடிவந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

கறுப்பின மக்களின் நிலையும் தீண்டப்படாதார் நிலையும் ஒத்திருப்பதை, 1946இல் டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் குறிப்பிட்டார். நமக்கும் இந்த வீடு தெரிந்த வீடுதான். ஆயுசு முடியாமல் செத்தவர்கள்தான் அலைவார்கள் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பாமாவின் ‘சங்கதி’யில் வரும் எசக்கிப் பேய், வேறு சாதிப் பையனோடு போனதற்காகச் சொந்த அண்ணன்களே கொன்றுபோட்ட பெண். வழக்கு நடக்காத கொலையைத்தான் ஊர் பேய் என்று பெயர் வைத்து நினைவில் வைத்திருக்கிறது.

சந்தேகமும் நமக்குப் புதிதில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே மரபணு மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த தலித்துகள் மூவர்மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. காவல்துறை எழுதும் சந்தேகத்தை எதிர்த்துப் போராட நமக்குத் தெரியும். நாமே நம் தெருவில் பேசும் சந்தேகம்தான் கடினமானது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் இழப்பீடு வாங்கியதும், காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்று முதலில் பேசுகிறவர்கள் யார்? வழக்கை நடத்த முடியாமல் சாட்சி பின்வாங்கும்போது, அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமலே துரோகி என்று சொல்கிறவர்கள் யார்?

நாவலில் பேய் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். பிலவட் தின்று தின்று பெருக்கிறாள். சேதா குற்ற உணர்ச்சியில் தேய்ந்து எலும்பாகிறாள். காப்பாற்றப்பட வேண்டியவள் அம்மாதான் என்று அப்போதுதான் டென்வருக்குப் புரிகிறது. பட்டினி தாங்காமல், ஆண்டுக்கணக்கில் தாண்டாத வாசலைத் தாண்டி, வேலை கேட்டு வெளியே போகிறாள். அடுத்த நாட்களில் வீட்டோரம் உணவு வந்து சேர்கிறது. எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரிந்து, டென்வர் அதைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்லப் போகிறாள். பதினெட்டு ஆண்டு மௌனம் பாத்திரம் கொடுத்து வாங்குவதில் உடைகிறது. கடைசியில் முப்பது பெண்கள் அந்த வீட்டு முன்னால் வந்து நின்று பாடுகிறார்கள். அவர்களைத் திரட்டும் எல்லா, சேதா செய்ததைச் சரி என்று ஒருபோதும் சொன்னவள் இல்லை. ஆனால் செத்துப்போனது உயிரோடிருப்பவளை அடித்து விழுங்குவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரம் வண்டியில் வந்த ஒரு வெள்ளைக்காரரைப் பழைய எசமான் என்று நினைத்து, பனிக்கட்டி உடைக்கும் ஊசியோடு சேதா பாய்கிறாள். ஆள் மாறிவிட்டது, வந்தவர் அடிமைமுறையை எதிர்த்தவர். பெண்கள் அவளை மடக்கித் தடுக்கிறார்கள். ஆனாலும் அன்று தன் பிள்ளைமேல் விழுந்த கை, இன்று தன்னைத் துரத்தியவனை நோக்கித் திரும்பியிருக்கிறது. அப்போதுதான் பிலவட் மறைகிறாள்.

பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போகிற தோழர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். சம்பவம் நடந்த வாரத்தில் உண்மை அறியும் குழுவாக எல்லோரும் போகிறோம். ஆறு மாதம் கழித்து, கூட்டமும் கேமராவும் இல்லாத நாளில், அந்த வீட்டுப் பிள்ளை ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் பெரியவர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் போக வேண்டும். சும்மா போக வேண்டாம், ஒரு பாத்திரத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு போவோம். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வரட்டும்.