எரியாத பங்கு: கருத்தரங்கத் தலைமை உரை

என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கத் தலைமையுரையை என்னிடம் தந்தது பெரும் கௌரவம், பதற்றமும் இருக்கிறது.

கிழக்கிலங்கையின் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கலாமா என்பது இன்றைய பொருள். கெரவலப்பிட்டியில் 2021 முதல் இயங்கும் 10 மெகாவாட் நிலையம், திருப்பெருந்துறைக் குப்பைமேடு, கொடுவாமடு நிலநிரப்புத் தளம் எல்லாம் அமர்வுகளில் விரிவாக வரும். நான் எரியாத பங்கைப் பற்றிப் பேச அனுமதியுங்கள்.

எரித்தால் குப்பை 90 வீதம் குறையும் என்று நம் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அது கனஅளவுக் கணக்கு. நிறையில் பார்த்தால், கலந்த குப்பையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அடிச்சாம்பலாக மிஞ்சும். ஈரந்தான் பெரிய சிக்கல், சாம்பல் சின்ன விஷயம் என்று ஒதுக்கிய நண்பர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். ஈரப்பதம் பற்றிய அவர்களின் ஆய்வுகளிலிருந்து நான் நிறையக் கற்றவன். ஆனால் ஈரம் வெப்பத்தைக் குடித்தாலும் ஆவியாகிப் போய்விடும். மணல் போகாது.

ஆம், மணல்தான். வாவிக்கரை ஊர்களில் காலையில் முற்றம் கூட்டுகிறோம். சருகோடு மணலும் உரைப்பைக்குள் போகிறது, மாநகர அல்லது பிரதேச சபையின் உழவு இயந்திரத்தில் ஏறுகிறது. தேசிய நிறக் குறியீட்டில் கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். மணலுக்கு நிறமே இல்லை. கழிவுக் கூறாய்வு அட்டவணைகளின் கடைசி வரியில் ‘ஏனையவை’ என்று அதை அடக்கிவிடுகிறோம். நான் அதிகம் படிக்கச் சொல்வது அந்த வரியைத்தான்.

850 பாகை செல்சியசில் எரியும் உலையில் இரும்பு அப்படியே கிடக்கும். பிறகு காந்தத்தால் எடுக்கலாம். அலுமினியம் 660 பாகையிலேயே உருகி உலைத்தட்டின் இடுக்குகளில் இறங்கி உறையும். கண்ணாடி இளகி, மணலையும் சாம்பலையும் பிடித்துக் கட்டியாகிக் காற்றுத் துளைகளை அடைக்கும். காற்றுப் போகாத இடத்தில் எரியக்கூடியதும் அரைகுறையாகவே எரியும். மின்கலங்களின் கட்மியம் பெரும்பாலும் பறக்கும் சாம்பலில் சேரும். குழல்விளக்கின் இரசம் புகையோடு கிளம்பும். ஆகவே உலை வாயில் நின்று பிரிப்பது காலங்கடந்த வேலை. வீட்டில் தரம் பிரித்து, சபைத் தளத்தில் அரிதட்டில் அரித்து மணலை அகற்றிய பிறகே எரிப்பு பற்றிப் பேசலாம். அப்படிச் செய்தபின் எரிக்க எவ்வளவு மிஞ்சும்? மரக்கறிக் கழிவு கூட்டெருவுக்குப் போனால், நம் சபைகளுக்கு உலையே தேவைப்படாது என்பது என் முடிவு.

நம் நிலம் மணல், கிணறுகள் ஆழமற்றவை, வாவி பக்கத்தில். கரையில் கொட்டிய சாம்பலில் மழை விழுந்தால் அதில் கரைவது மீன்பாட்டுக்கும் குடிநீருக்கும் வந்து சேரும்.

எனவே ஒரு வேண்டுகோள். எரிஉலையைப் பரிந்துரைப்பவர்கள் சாம்பலின் நிறையையும், அதைக் கொட்டப்போகும் இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை இல்லாத பரிந்துரையை இக்கருத்தரங்கின் தீர்மானத்தில் சேர்க்க நான் உடன்பட மாட்டேன்.