கிணற்றில் குதித்த கடிகாரம்

ஒருத்தர் புது ஸ்மார்ட் வாட்ச் வாங்கினார். பெட்டியில் '50 மீட்டர்' என்று போட்டிருந்தது. "நம்ம ஊர்க் கிணறே நாற்பது அடிதானே!" என்று கையில் கட்டிக்கொண்டே குதித்துவிட்டார்.

அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடிகாரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 50 மீட்டர் ஆழக் கணக்கு இல்லீங்க, அழுத்தக் கணக்கு. பத்து மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அதைப்போல ஐந்து மடங்கை, சோதனைக்கூடத்தில், அசையாமல் இருந்த புதுக் கடிகாரம் தாங்கியது. சாதாரண நீச்சலுக்கு இது போதும். ஸ்கூபா டைவிங்குக்குப் போதாது. மீட்டர் கணக்கு இல்லாமல், 'ஐபி68' என்ற தூசி-நீர் காப்புக் குறியீடு மட்டும் இருந்தால் நீந்தும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கெட்டுக்குத் தம்பி என்று வையுங்களேன். நாளானால் தளரும். சோப்பும் வெந்நீரும் அதற்கு ஆகாது. கடலில் நீந்தினால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும்.

நம்மவர் மூன்று வருஷம் கழித்து அதே கிணற்றில், அதே கடிகாரத்தோடு குதித்தார். கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. நேரம் மட்டும் சரியாகத்தான் காட்டியதாம், கொஞ்சம் மங்கலாக.