வாதுமைப் பூக்களைக் காத்தவர்



சித்திர வகுப்பில் பின் மனப்பதிவுவாதம் என்று நாம் படித்தது நினைவிருக்கும். 1890 பெப்ரவரியில், பிரான்சின் சான் ரெமி மனநல இல்லத்திலிருந்து, தம்பி தியோவின் பச்சிளங் குழந்தைக்காக வான்கோ வாதுமைப் பூக்களை வரைந்தார். நிலமோ அடிமரமோ தெரியாது. நீல வானில் பூத்த கிளைகளே நிறைந்திருக்கும். ஜப்பானிய அச்சுச் சித்திரங்களில் அவர் கற்ற அமைப்பு அது.

யூலையில் வான்கோ மறைந்தார். ஆறு மாதத்தில் தியோவும் மறைந்தார். கைக்குழந்தையோடு தனித்த தியோவின் மனைவி ஜோ, பல நூறு ஓவியங்களைப் பேணினார், கண்காட்சிகளுக்கு அனுப்பினார், 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தார். வாதுமைப் பூக்கள் குடும்பத்திலேயே இருந்தன. அக்குழந்தை வளர்ந்து முன்னின்று உருவாக்கிய அம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்தில் இன்று அவற்றைக் காணலாம்.

வரைந்தவரை உலகறியும். நூறாண்டு காணும் பள்ளியின் பிள்ளைகள் நாம், காத்தவரையும் நினைவில் வைப்போம்.