உறக்கமும் தொழிலாளியின் உரிமையே



செம்பூர், மாகுல் எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிச் செல்லும் தொழிலாளி கண்ணயர்ந்தால், அது அவரது குற்றம் எனப்படுகிறது. உறக்கத்தில் தொண்டையின் காற்றுவழி அடைபட்டு, மூச்சு மீண்டும் மீண்டும் தடைப்படும் நோயே காரணமாக இருக்கலாம். பலத்த குறட்டையும் பகலில் தீராத தூக்கமும் அதன் அறிகுறிகள், சிகிச்சை உண்டு. ஆனால் உரிமத்திற்கான மருத்துவச் சான்று கண்ணையும் காதையும் கேட்கிறது, உறக்கத்தைக் கேட்பதில்லை. கேட்டாலும், வேலை பறிபோகும் என்று அஞ்சும் தொழிலாளி மறைக்கவே செய்வார்.

எனவே பரிசோதனை முதலாளியின் செலவில் நடைபெற வேண்டும். சிகிச்சைக் காலத்தில் வேலையும் ஊதியமும் காக்கப்பட வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்த 8 மணி நேர வேலை நடைமுறைக்கு வர வேண்டும். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தால், விபத்துக்குப் பின் தப்பிச் செல்வோருக்கான 10 ஆண்டுச் சிறைப் பிரிவை நிறுத்திவைக்கச் செய்த ஓட்டுநர்களின் ஒற்றுமை இதையும் வெல்லும்!