முகப்பருவும் வெள்ளைப் பூச்சும்



சில காலத்துக்கு முன், கலகாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாயொருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு கண்டிக்கு வந்தார். மகளுக்கு வயது பதினேழு. முந்தானையால் முகத்தை மறைத்தவாறே அமர்ந்திருந்தாள். “ஐயா, இதைப் பூசினா முகம் பளிச்சுன்னு இருக்கு, நிறுத்தினா நெருப்பா எரியுது” என்று கூறி, தாய் ஒரு சிறு டப்பாவை மேசைமேல் வைத்தார். அதன்மேல் அழகிய பெண்ணொருத்தியின் படம் இருந்தது. உள்ளே என்ன கலந்துள்ளது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அப்பெண்ணுக்கு முதலில் வந்தது சாதாரண முகப்பருவே. பூப்பெய்தும் பருவத்தில் ஓமோன்களின் தூண்டுதலால் சருமத்து எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. உதிரும் தோற்செதில்களும் எண்ணெயும் சேர்ந்து மயிர்த்துளையை அடைத்துவிட, உள்ளே கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. ஆதலால் நாளைக்குப் பத்துமுறை சவர்க்காரமிட்டுத் தேய்ப்பது தோலைப் புண்ணாக்குமேயன்றிப் பருவைப் போக்காது. இருமுறை மென்மையாகக் கழுவுதல் போதும். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அங்கே பரு மிகும்.

ஆனால் உறவினரின் ஏளனத்துக்கு அஞ்சியவளுக்கு அவகாசம் ஏது? ஒரு கிழமையில் வெண்மை தரும் என்ற பூச்சை வாங்கினாள். இத்தகைய பூச்சுகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீரொயிட் மருந்து மறைவாகச் சேர்க்கப்படுகிறது. 1952இல் சல்ஸ்பர்கர், விட்டன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் ஹைட்ரோகோர்ட்டிசோன் பூச்சின் பயனை வெளியிட்டபோது, அது சருமநோய் வைத்தியத்தில் பெரும் வரமாயிற்று. அவ்வினத்து வன்மருந்துகளை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், செந்நரம்புகள் தெரியும், புதிய பருக்களும் தோன்றும். முதலில் வீக்கம் அடங்குவதால் நன்மை போலத் தோன்றுவதே இதன் வஞ்சகம். வேறு சில பூச்சுகளில் இரசம் சேர்க்கப்படுகிறது. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கவல்லது. இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், இரசம் சேர்த்த அழகுப்பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் விலக்க 2023இல் தீர்மானித்தன. தீர்மானம் டப்பாவுக்குத் தெரியுமா என்ன!

முறையான மருந்துகள் இல்லாமலில்லை. பென்சொயில் பெரொக்சைட்டு கிருமிகளைக் குறைக்கும்; தலையணை உறையை வெளிறச் செய்யும் என்பதையும் நினைவிற் கொள்க. அடப்பலீன் துளையடைப்பை நீக்கும், இரவில் மெல்லியதாகப் பூசவேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கடும் பருவுக்குரிய ஐசோட்ரெட்டினொயின் மாத்திரையோ கருவிலுள்ள குழந்தையை ஊனப்படுத்தவல்லது. வைத்தியரின் மேற்பார்வையின்றித் தொடவே கூடாது. எந்த மருந்தாயினும் பலன் தெளிவாய்த் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகள் செல்லும். நம்மவர் பெரும்பாலும் இரண்டாம் கிழமையிலேயே மனம் சோர்ந்து வேறு டப்பாவை நாடுகின்றனர். பருவைக் கிள்ளுவதும் வேண்டாம். அதனால் தழும்பு நிலைக்கக்கூடும்.

அப்பெண்ணின் பூச்சை நிறுத்தியபோது, முன்கூட்டியே சொன்னவாறு, சில கிழமைகள் சிவப்பும் எரிவும் மிகுந்தன. அக்காலமெல்லாம் தாயே அவளுக்குத் துணை நின்றார். நான்காம் மாதம் வந்தபோது நெற்றியில் நான்கைந்து பருக்களே இருந்தன. முந்தானை தோளில் கிடந்தது. தம்பிக்கும் இப்போது முகத்தில் பரு தோன்றியிருக்கிறதாம். தன் மருந்தையே அவனுக்கும் பூசலாமா என்று கேட்டாள். அடுத்த முறை அவனையும் அழைத்துவரும்படி கூறினேன்.