கேட்டையும் கார்த்திகையும்

(மணவூரில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



கேட்டையில் பிறந்த பெண் புருஷனுடைய தமையனுக்கு ஆகாது என்று சொல்லி, நல்ல பெண்களைத் தள்ளிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுகிறவர்களிலோ கார்த்திகையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே அவ்விரண்டு நட்சத்திரங்களின் பக்கத்தில் நடக்கும் சங்கதியைச் சொல்லுகிறேன்.

வானத்தில் கேட்டைக்கு அருகே ஒரு தூசி மேகத்துக்குள், நமது சூரியனைப் போல ஆகப்போகும் குழந்தை நட்சத்திரங்கள் ஜோடியாக இருக்கின்றன. 2012ல் சிலி தேசத்து அல்மா தொலைநோக்கியால் பார்த்ததில், அங்குள்ள வாயுவில் சர்க்கரை இனத்தின் மிக எளிய பொருள் அகப்பட்டது. கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் கிட்டத்தில் இன்னொரு குழந்தை. அதைச் சுற்றி 2008ல் கண்டதோ கரியணுக்கள் வரிசையாய்க் கோத்த சங்கிலிகள். இரண்டுக்கும் தூரம் சுமார் 450 ஒளி ஆண்டு. ஏறக்குறைய ஒரே வாயு, ஒரே தூசி. பின் ஏன் இந்த வித்தியாசம்? பூர்வ ஜென்மக் கர்மமா?

பிறந்த வீட்டின் சூழ்நிலைதான் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். மேகத்துக்குள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டினால் ஆளைக் கொல்லுமே, அந்த வாயு அங்கே தூசியின்மேல் உறைகிறது. ஹைட்ரஜன் ஒவ்வொன்றாய் ஒட்ட, அது மெதனால் ஆகிறது. விஷச் சாராயத்தில் இருக்கிறதே, அதே வஸ்து. அதிலிருந்து இன்னும் பெரிய பொருள்கள். நட்சத்திரம் சூடேறினதும் பனி ஆவியாகி எல்லாம் வெளிவருகின்றன. இதற்கு நிழலும் வேண்டும், காலமும் வேண்டும். வெளியொளி உள்ளே புகுந்தாலும், உறையுமுன்பே மேகம் அவசரமாய்ச் சுருங்கினாலும், கரியணுக்கள் தனித்து நின்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

இது வெறும் ஊகந்தானே என்பீர்கள். ரிஷபராசிப் பக்கம், இன்னும் நட்சத்திரம் பிறக்காத ஒரு மேகத்தை 2016ல் அளந்து காட்டினார்கள். வெளிச்சம் படும் ஓரத்தில் கரிவளையம், நிழல் ஓரத்தில் மெதனால். ஒரே மேகம், தோழர்களே!

நமது சூரியன் பிறந்து 460 கோடி வருஷமாகிறது. 1969ல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னுமிடத்தில் விழுந்த விண்கல்லில் 70க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்தன; அவற்றில் சில நம் தசையிலும் உள்ளவை. இவையெல்லாம் ஏட்டைப் புரட்டிச் சொன்னதல்ல. அகமதாபாத்தில் 1947ல் தொடங்கிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில், அந்த விண்வெளிப் பனியையே உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். கேட்டைப் பெண்ணால் மூத்தான் செத்தான் என்பதை எந்தக் கூடத்தில் சோதித்தார்கள்? அடுத்த தடவை ஜாதகத்தோடு வருகிறவரைத் திண்ணையில் உட்காரவைத்து இதைக் கேளுங்கள்.