ரேகை வைக்கும் முன் ஒரு கேள்வி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன், வட்டி, தவணை எதுவும் பேசப் போவதில்லை. உங்க கட்டைவிரலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். நம்ம குழுக்களிலும் மூத்த அக்காக்கள் பலர் முதலில் கற்றுக்கொண்டது தங்கள் பெயரை எழுதத்தான். "வங்கிக்குப் போய் கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துதான் போடுவேன்" என்று சொன்னவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு மைப்பெட்டியை ஒதுக்கி வைத்தோம். இப்போது ரேஷன் கடையிலும், பணம் எடுக்கும் இடத்திலும், சிம் கார்டு கடையிலும் திரும்ப விரலைத்தான் நீட்டுகிறோம். மைதான் இல்லை, கண்ணாடி இருக்கு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரகசிய எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல் ஏ.டி.எம். கார்டின் பின்னாலேயே எழுதி வைத்தவர்கள் நாம். விரல் மறந்து போகாது, தொலைந்தும் போகாது. வயதான அம்மா டவுனுக்கு பஸ் ஏறாமல் ஊரிலேயே பணம் எடுக்க முடிகிறது. நல்ல வசதிதான். ஆனால் நான் இதைப் பேச வந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம், அவங்க சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன். 2024-ல் அவங்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருவது நின்று போனது. பாஸ்புக் போட்டுப் பார்த்தால் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை போனார்கள், மூன்று நாள் கூலி போனது. "உங்க பெயரில் பணம் போய்க்கிட்டுதான் இருக்கும்மா" என்று அங்கே பதில். அப்படியானால் யார் எடுத்தது? அக்காவுக்குச் சந்தேகம் ஊக்குநர் மேல் வந்தது. ஏனென்றால் எல்லோருடைய ஆதார் நகலும் ஊக்குநர் வீட்டு பீரோவில்தானே இருக்கிறது. குழுக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருசம் ஒன்றாகச் சேமித்தவர்கள். ஊக்குநர் அழுதுகொண்டே தீர்மானப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அக்கா மூன்று மாதம் சந்தாவும் கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை.

ஏழாவது மாதம் நான் அவங்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். ஆதார் எண்ணைப் போட்டு, அவங்க போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்னதும், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வந்தது. அக்கா வாழ்நாளில் கால் வைக்காத ஒரு வங்கியின் பெயர். "இதுல எனக்குக் கணக்கே கிடையாதும்மா" என்றார்கள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு சமுதாயக் கூடத்துல குடை குடுத்தாங்களே" என்றார்கள்.

எனக்கு முகம் செத்துப் போனது. அந்தக் குடை முகாமுக்கு ஆள் கூட்டியதே நான்தான். புதுக் கணக்கு, இலவசக் காப்பீடு, விரல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். நானும் வரிசையில் நிறுத்தி "சீக்கிரம் வைங்கக்கா" என்று அவசரப்படுத்தினேன். படிவத்தில் நடுவில் ஒரு கட்டம் இருந்தது. அரசுப் பணம் எல்லாம் இந்தக் கணக்குக்கே வர சம்மதம் என்று பொருள். அதற்கும் டிக் போட்டிருந்தார்கள். யாரும் வாசித்துக் காட்டவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படித்த நானும் வாசிக்கவில்லை.

பணம் எங்கும் போகவில்லை. 7000 ரூபாயும் அந்தக் கணக்கில் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டோம். ஊக்குநர் மேல் விழுந்த பழியைத்தான் அவ்வளவு எளிதாக எடுக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இப்போது இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு பாஸ்புக்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்க. பார்த்தீங்களா, பாதிப் பேருக்கு மேல். குழுக் கடனுக்காக ஒரு சேமிப்புக் கணக்கு. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தபோது ஒன்று. நூறு நாள் வேலைக்கு ஒன்று. தபால் ஆபீசில் ஒன்று. 2015 ஜனவரி முதல் நாடு முழுக்க கேஸ் மானியம் கணக்கில் போடுகிறோம் என்றபோது இருந்ததில் ஏதோ ஒன்றின் நகலைக் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் அதே ஆதார் நகல்தான்.

நம்மில் பலர் இரண்டு காரியத்தைக் குழப்பிக்கொள்கிறோம். வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுப்பது ஒன்று. அதை எத்தனை கணக்குக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். அரசுப் பணம் எந்த வங்கிக்கு வர வேண்டும் என்று சொல்வது இன்னொன்று. இது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக்குத்தான். தேசிய அளவில் பணப் பரிமாற்றக் கழகம் ஒன்று இருக்கிறது, என்.பி.சி.ஐ. என்பார்கள். அவர்களிடம் ஒரு பட்டியல். இந்த ஆதார் எண்ணுக்கு இந்த வங்கி என்று மட்டும் அதில் இருக்கும், கணக்கு எண் கூட இருக்காது. தபால்காரரிடம் நாம் கடைசியாகக் கொடுத்த விலாசம் மாதிரி. புது விலாசம் கொடுத்த மறுநாளிலிருந்து எல்லாக் கடிதமும் அங்கேதான் போகும். பழைய வீட்டுக்காரருக்குக்கூடத் தகவல் போகாது. அக்காவின் உரிமைத் தொகையும் அப்படித்தான் போனது. அவங்க கேஸ் மானியமும் கூடவே போயிருந்தது, அதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம்.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. 2017-ல் ஏர்டெல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்ப்பு என்று விரல் வைத்தவர்கள் பலருக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டிருந்தது. கேஸ் மானியமும் அந்தக் கணக்குக்குப் போனது. லட்சக்கணக்கான பேர். அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அவர்களுடைய சரிபார்ப்பு அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. படித்தவர்கள், பட்டணத்துக்காரர்கள் எல்லோரும் ஏமாந்த விஷயம். நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோதும் ஒரு கூத்து நடந்தது. நாம் மறந்தே போன பழைய கணக்குகளுக்கு சிலருக்குப் பணம் போனது. அங்கே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் வந்த பணத்திலேயே பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசே சொல்ல வேண்டி வந்தது. ஆகவே பயன்படுத்தாத கணக்கை வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து மூடிவிடுங்கள். சோம்பல்படாதீங்க.

வங்கி பெயர் மாறியிருப்பதையும் மறந்துவிடாதீர்கள். பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரலில் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டன. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. இ-சேவையில் புதுப் பெயர் வந்தால் "ஐயோ, இது என் வங்கி இல்லையே" என்று பதற வேண்டாம். பழைய பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

சரி, வேண்டிய வங்கிக்கு எப்படி மாற்றுவது? நீங்கள் விரும்பும் வங்கிக் கிளைக்கு நேரில் போய், அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும், முன்பு இன்ன வங்கியில் இருந்தது என்று ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். "ஆதார் ஏற்கெனவே குடுத்திருக்கீங்களே, போங்க" என்று கவுன்டரில் சொல்வார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது. அது முதலில் சொன்ன காரியம். நமக்கு வேண்டியது இரண்டாவது காரியம். ஒப்புகை வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து இ-சேவையில் மறுபடி பார்த்துவிடுங்கள்.

ஓ.டி.பி. என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் நமக்குப் பெரிய ஓட்டை. போன மாதம் ஒரு குழுவில் கேட்டேன். பதினான்கு பேரில் ஐந்து பேருக்குத்தான் ஆதாரில் சொந்த நம்பர். மற்றவர்களுக்குக் கணவர் நம்பர், மகன் நம்பர், இரண்டு பேருக்கு எப்போதோ தூக்கிப்போட்ட சிம். ஓ.டி.பி. என்பது ஒரு தடவை மட்டும் திறக்கும் சாவி. அந்தச் சாவி திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் சட்டைப் பையில் போய் விழுகிறது. மகன் நல்ல பிள்ளைதான், அதை நான் சொல்லவில்லை. அவன் ஷிப்டில் இருக்கும்போது உங்க காரியம் நிற்கிறது. வீட்டில் சண்டை வந்து ஒருத்தி தனியாக வந்துவிட்டால், அவள் பணத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் நம்பரை மாற்றித் தருவார்கள். 2021 முதல் தபால்காரர்கள் மூலமாகவும் இந்தச் சேவை தொடங்கப்பட்டது.

விரலுக்கு வருவோம். பி.சி. என்கிறோமே, அந்த வங்கித் தொடர்பாளரிடம் ஆதார் எண், வங்கிப் பெயர், விரல் மூன்றும் கொடுக்கிறோம். ரேகை ஆதார் ஆணையத்துக்குப் போய், "ஆமாம், இவங்கதான்" என்று பதில் வந்தால் உங்கள் வங்கி பணத்தைக் கழிக்கிறது. மெஷினில் இருப்புப் பார்ப்பதற்கும் விரல்தான், பணம் எடுப்பதற்கும் விரல்தான். எதை அமுக்கியிருக்கிறார் என்று விரலுக்குத் தெரியாது. "பதியலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றால் முதல் தடவை என்ன ஆனது என்று சீட்டு கேளுங்கள். சுண்ணாம்பு, தேங்காய் நார், பாத்திரம் தேய்ப்பு என்று நம் ரேகை தேய்ந்திருப்பதும் உண்மைதான், தொடர்பாளர் எல்லோரும் திருடர் இல்லை. நம்ம குழுப் பெண்களே பலர் அந்த வேலை பார்க்கிறார்கள். நல்ல தொடர்பாளர் சீட்டு கொடுக்கக் கோபப்பட மாட்டார்.

ரகசிய எண் வெளியே தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. 2018-ல் தெலங்கானாவில் ஒருவர் நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற மாதிரி போலி ரேகை செய்து சிம் கார்டுகளுக்குப் பயன்படுத்திப் பிடிபட்டார். இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் நீங்களே வைத்தாலும் ஏற்காது, ரேஷன் கடையிலும் ஏற்காது. தேவைப்படும் நேரம் ஓ.டி.பி. போட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அதற்கும் சொந்த நம்பர் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உங்கள் போனைத் திறக்க வைக்கிறீர்களே விரல், அது வேறு. அந்த ரேகை போனுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கும் ஆதாருக்கும் சம்பந்தமில்லை.

"ஆதார் இணைக்கலைன்னா கணக்கே முடங்கிடும்" என்று போனில் யாராவது பயமுறுத்தினால் வைத்துவிடுங்கள். அரசு மானியத்துக்கு ஆதார் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயம் ஆக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தெரியாமல் பணம் போயிருந்தால் அன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். ஆதார் சந்தேகத்துக்கு 1947, நம்ம சுதந்திரம் வாங்கிய வருசம், மறக்காது.

குழுக் கணக்கைப் பற்றி ஒன்று. சில இடங்களில் குழுப் பணத்தையும் தொடர்பாளரிடம் எடுக்கிறார்கள். அதற்கு நிர்வாகிகளில் இரண்டு பேர் விரல் வேண்டும். ஊக்குநர் வைத்துவிட்டு "பிரதிநிதி அப்புறம் வந்து வைப்பாங்க" என்பது வேண்டாம். தீர்மானம் எழுதி, இரண்டு பேரும் ஒன்றாகப் போங்கள்.

அந்த அக்கா பின்னால் உட்கார்ந்திருக்காங்க. ஊக்குநரும் வந்திருக்காங்க. இன்னும் பக்கத்தில் உட்காரவில்லை, ஆனால் இரண்டு பேரும் சந்தா கட்டியாச்சு. அடுத்த மாதம் இ-சேவைக்காரரை இங்கேயே அழைத்து வருகிறேன். வீட்டில் இருக்கிற எல்லா பாஸ்புக்கும், ஆதாரும், அதில் பதிந்திருக்கிற நம்பர் உள்ள போனும் எடுத்து வாருங்கள். போன் மகனிடம் இருந்தால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். இந்த முறை குடை கிடையாது, டீ மட்டும்தான்.